எட்டாம் மாதத்து அரிப்பு



உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்பார்கள். உள்ளங்கால் அரித்தால் பயணம் என்பார்கள். இரண்டும் சேர்ந்து, ஊர் அடங்கிய பிறகு, ஓர் எட்டு மாதக் கர்ப்பிணிக்கு வந்தால் என்ன பொருள்? அவளுடைய கல்லீரலைப் பார்க்க வேண்டும் என்று பொருள். அந்த நோய்க்குக் கர்ப்பகாலப் பித்தநீர்த் தேக்கம் என்று பெயர். இதைப் பற்றிய ஆராய்ச்சி எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் திரும்பியது, இன்றைக்கு எங்கே நிற்கிறது, அதில் நம் பெண்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஆராய்ச்சிக்குப் போகுமுன் அரிப்பைப் பார்த்துவிடுவோம். நான் கர்ப்பிணிகள் வெளிநோயாளர் பிரிவில் இருந்த காலத்தில், வளைகாப்பு முடிந்த கையோடு ஒரு பெண் வந்தாள். கை நிறைய கண்ணாடி வளையல். உள்ளங்கையில் மருதாணிச் சிவப்பு மங்கவில்லை. அந்தச் சிவப்புக்கு மேலே கோடு கோடாகக் கீறல். கூட வந்த மாமியார், காரணத்தையும் தானே கண்டுபிடித்துக் கொண்டு வந்திருந்தார்.

"மருதாணி ஒத்துக்கலைங்க டாக்டரம்மா. அரைச்சு வைடின்னா கேக்காம கடையில கோன் வாங்கி வெச்சுது. அதான் வினை."

"கோன் கையிலதானே வெச்சே? காலும் அரிக்குதா கண்ணு?"

"காலுதாங்க மேடம் ஜாஸ்தி. ராத்திரியானா சீப்பை எடுத்து உள்ளங்கால்ல சொறிவேன். தரையில ஈரத்துணியப் போட்டு அது மேல நின்னுக்குவேன். பகல்ல பரவால்லைங்க."

காலில் மருதாணி இல்லை. கீறலைத் தவிரத் தோலில் தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, படை இல்லை. செவிலியர் பயிற்சிப் பள்ளி மாணவிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தோலில் ஒன்றும் இல்லை, ஆனால் அரிப்பு உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிகம். இரவில் இன்னும் அதிகம். இப்படி ஒருத்தி சொன்னால் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பக்கூடாது. ரத்தம் எடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு விளக்கம் சொல்லப் பஞ்சமே இல்லை. உடம்பு சூடு என்பார்கள். பிள்ளைக்கு முடி முளைக்கிறது என்பார்கள். வயிறு விரிகிறது என்பார்கள். இதில் கடைசி விளக்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வயிற்றுத்தோல் விரிவதால் வரும் அரிப்பு பல கர்ப்பிணிகளுக்கு உண்டு, அதனால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் உள்ளங்கால் விரிவதில்லையே! அங்கே ஏன் அரிக்கிறது?

இதற்கு விடை தெரிய வேண்டுமானால் கல்லீரலுக்குள் போக வேண்டும். கல்லீரல் அணுக்கள் பித்த அமிலத்தை உண்டாக்கி, நுண்ணிய வாய்க்கால்கள் வழியாகக் குடலுக்கு அனுப்புகின்றன. அணுவிலிருந்து வாய்க்காலுக்குப் போகும் இடத்தில் மதகு போலச் சில புரதங்கள் இருக்கின்றன. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் உடலில் உச்சத்துக்குப் போகும்போது, சில பெண்களுக்கு இந்த மதகுகள் பாதி இறங்கிவிடுகின்றன. வாய்க்காலுக்குப் போக வேண்டியது பின்வாங்கி ரத்தத்தில் கலக்கிறது. பிள்ளை பிறந்து ஹார்மோன் வடிந்ததும் மதகு திறந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் அரிப்பு போன இடம் தெரிவதில்லை. இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருவதும் இதனால்தான். நஞ்சுக்கொடி பெரிது, ஹார்மோன் அதிகம்.

பிள்ளை பிறந்ததும் போய்விடும் நோய்க்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு? ஒரு சொற்பொழிவு எதற்கு? நியாயமான கேள்வி. மருத்துவ உலகமே நெடுநாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. 1883-இல் ஜெர்மனியில் ஆல்ஃபெல்ட் என்ற மருத்துவர், கர்ப்பந்தோறும் திரும்பத் திரும்ப வரும் மஞ்சள் காமாலையைப் பற்றி எழுதினார். அதன் பிறகு எழுபது ஆண்டுகள் இது பெரிதாகப் பேசப்படவில்லை. 1954-இலும் 1955-இலும் சுவீடனில் ஸ்வான்போரி, தோர்லிங் என்ற இருவரும் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். தாய்க்குத் தொந்தரவு, உயிருக்கு ஆபத்தில்லை என்பதே அன்றைய எண்ணம். வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றி யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

அடுத்த பெரிய திருப்பம் வந்த இடம் நீங்கள் எதிர்பார்க்கும் இடமாக இருக்காது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கயிறு போல் நீண்டு கிடக்கும் சிலி நாடு! 1978-இல் ரெயஸும் அவருடைய சக மருத்துவர்களும் வெளியிட்ட கணக்கைப் பார்த்து உலகம் அதிர்ந்தது. சிலியில் 100 கர்ப்பிணிகளில் 15 பேர் அளவுக்கு இந்தத் தொந்தரவு. அரௌகானியர் எனப்படும் மப்பூச்சே பழங்குடி வழிவந்த பெண்களில் நாலில் ஒருத்திக்கும் மேல். மற்ற நாடுகளில் 100-க்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

பழங்குடி ரத்தத்தில் ஏதோ மரபணு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாமா? அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் அதே சிலியில் அந்தக் கணக்கு ஏறத்தாழ 4 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. மரபணு இருபது ஆண்டில் மாறுமா? பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே ரத்தம்தானே? எண்ணிய முறை மாறியதைக் கழித்துக்கொண்டாலும், ஏதோ ஒன்று வெளியில் மாறியிருக்கிறது. சாப்பாட்டிலா, மண்ணிலா, வெயிலிலா? குளிர்காலத்தில் இந்த நோய் கூடுவதைச் சிலியிலும் பார்த்தார்கள், பின்லாந்து, சுவீடன் பக்கமும் பார்த்தார்கள். செலீனியம் என்ற தாது ரத்தத்தில் குறைவாக இருப்பது காரணமோ என்று தேடினார்கள். 1987-இல் பின்லாந்து மருத்துவர்கள் இந்தக் குறைவைக் கண்டார்கள். 2000-இல் ரெயஸ் குழு, சிலிப் பெண்களின் ரத்தத்தில் செலீனியம் முன்பைவிட ஏறியிருப்பதையும் நோய் குறைந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தது. சேர்ந்து நடந்தது என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. என்னைக் கேட்டால், இந்த நோயின் வரலாற்றில் இன்னும் அவிழாத முடிச்சு இதுதான். இளம் ஆய்வாளர்கள் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால், இந்த முடிச்சில் கை வைக்கலாம்.

இனிப் பிள்ளைக்கு வருவோம். இந்த நோயுள்ள தாய்மாரில் சிலருக்கு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், வயிற்றுக்குள்ளேயே பிள்ளை இறந்துவிடுகிறது. எடை சரியாக இருக்கிறது. ஸ்கேன் சரியாக இருக்கிறது. நேற்று இதயத் துடிப்பு சரியாக இருந்தது. இன்று இல்லை. மகப்பேறு மருத்துவர்கள் இந்த நோய்க்குப் பயப்படுவது இதற்காகத்தான். பயம் வந்தால் என்ன செய்வோம்? எல்லோருக்கும் ஒரே விதி போடுவோம். 37 வாரம் ஆனதா, வலி ஊசி போடு, பிள்ளையை வெளியே எடு. பல நாடுகளில் பல ஆண்டுகள் இதுதான் நடந்தது. நம் ஊரிலும் நடக்கிறது. இரண்டு மூன்று வாரம் முந்திப் பிறக்கும் பிள்ளைகளில் சிலவற்றுக்கு மூச்சுத் திணறும். கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். தாய் ஒரு மாடியில், பிள்ளை ஒரு மாடியில்.

எந்தத் தாய்க்கு ஆபத்து, எந்தத் தாய்க்கு இல்லை என்று பிரிக்க வழியே இல்லையா?

வழி இருக்கிறது என்று முதலில் சொன்னது சுவீடன். 2004-இல் கிளாண்ட்ஸ், மார்ஷல், மாட்சன் மூவரும் 45,485 கர்ப்பங்களை எடுத்துக்கொண்டார்கள். அதில் 693 பேருக்கு இந்த நோய். ரத்தத்தில் பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சிக்கல் கூடவில்லை. 40-ஐத் தாண்டியவர்களுக்குக் கூடியது. அளவு ஏற ஏறச் சிக்கலும் ஏறியது. அதுவரை 'நோய் இருக்கிறதா இல்லையா' என்பதுதான் கேள்வி. அன்றிலிருந்து 'எவ்வளவு இருக்கிறது' என்பது கேள்வி ஆனது. இந்த ஆராய்ச்சியின் போக்கை ஒரே வரியில் கேட்டால் இந்த மாற்றத்தைத்தான் நான் சொல்வேன்.

அடுத்து 2019. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த கரோலின் ஒவாடியா, கேத்தரின் வில்லியம்சன் குழுவினர், பல நாட்டு ஆய்வுகளில் சிதறிக் கிடந்த பெண்களின் விவரத்தை ஒவ்வொருவராகச் சேகரித்து 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஒற்றைப் பிள்ளை சுமந்த தாய்மாரின் கணக்கை மட்டும் சொல்கிறேன், மெதுவாகச் சொல்கிறேன். பித்த அமிலம் 40-க்குக் கீழே இருந்தவர்கள் 2,310 பேர். இறந்து பிறந்தவை 3. நாற்பதிலிருந்து நூற்றுக்குள் இருந்தவர்கள் 1,412 பேர். இறந்து பிறந்தவை 4. நூறும் அதற்கு மேலும் இருந்தவர்கள் 524 பேர்தான். இறந்து பிறந்தவை 18!

முதல் இரண்டு கூட்டத்தையும் பாருங்கள். எந்த நோயும் இல்லாத தாய்மாருக்கு உள்ள ஆபத்துக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மூன்றாவது கூட்டத்தைப் பாருங்கள். 1,000 பேருக்கு 34 பிள்ளைகள். ஒரே பெயர் சூட்டி வைத்திருந்த நோய்க்குள் இரண்டு வெவ்வேறு கதைகள் இருந்திருக்கின்றன. பெரும்பாலான பெண்கள் வீணாகப் பயந்தார்கள். ஒரு சிலர் பயப்பட வேண்டிய அளவுக்குப் பயப்படவில்லை.

இந்தக் கணக்கு காகிதத்தோடு நிற்கவில்லை. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2022-இல் தன் வழிகாட்டு நெறியைத் திருத்தியது. 19 முதல் 39 வரை இலேசானது, 40-வது வாரம் வரை பொறுக்கலாம். 40 முதல் 99 வரை நடுத்தரம், 38 அல்லது 39-வது வாரம். 100-உம் அதற்கு மேலும் கடுமையானது, 35 அல்லது 36-வது வாரத்திலேயே பிள்ளையை எடுப்பதைப் பற்றிப் பேசவேண்டும். அமெரிக்க நெறியில் வாரங்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அளவைப் பார்த்து முடிவெடு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே மாணவிகளே, ஒருமுறை 25 என்று வந்துவிட்டதே என்று நிம்மதியாக விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் அது 110 ஆகலாம். திரும்பப் பார்க்க வேண்டும்.

இனி மாத்திரைக் கதை. இது சுவையானது. உர்சோ என்று நம் மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கும் மாத்திரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சீன வைத்தியத்தில் நெடுங்காலமாகக் கரடிப் பித்தத்தைக் கல்லீரல் நோய்க்குக் கொடுத்துவந்தார்கள். 1927-இல் ஜப்பானில் ஷோடா என்பவர் அதிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இன்றைய மாத்திரைக்கும் கரடிக்கும் தொடர்பில்லை. கரடிக்கு அதில் மகிழ்ச்சிதான். சில கல்லீரல் நோய்களில் இது நன்றாக வேலை செய்கிறது. அதனால் அரிப்புள்ள கர்ப்பிணிகளுக்கும் உலகம் முழுக்க எழுதிக் கொடுத்தார்கள். சிறு சிறு ஆய்வுகள் 'ஆகா' என்றன. தாய்க்கு அரிப்புக் குறைகிறது, பிள்ளையும் பிழைக்கும் என்று நம்பினோம்.

நம்பினோம். சோதித்தோமா? லூசி சேப்பல் தலைமையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 33 மகப்பேறு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 605 பெண்கள். பாதிப்பேருக்கு உர்சோ, பாதிப்பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. பிள்ளை இறப்பு, குறைமாதப் பிறப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பு இவற்றைச் சேர்த்து எண்ணினார்கள். உர்சோ எடுத்தவர்களில் 23 விழுக்காடு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 விழுக்காடு. தற்செயலாகவே வந்துவிடக்கூடிய வித்தியாசம். அரிப்பு குறைந்ததா? 100 மில்லிமீட்டர் அளவுகோலில் சுமார் 6 மில்லிமீட்டர். சீப்பு எடுத்துச் சொறிகிறவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 2019-இல் இதுவும் 'லான்செட்'டில்தான் வந்தது.

அப்படியானால் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். அந்த ஆய்வில் அளவு நூற்றைத் தாண்டிய பெண்கள் கொஞ்சம்தான். 2021-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இறந்து பிறப்பதை உர்சோ தடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் தானாக வரும் குறைமாதப் பிரசவத்தில் ஏதோ கொஞ்சம் பயன் இருக்கலாம் என்று தோன்றியது. அளவு ஏறியிருப்பவர்களுக்கு மருத்துவர் எழுதினால் சாப்பிடட்டும், மறுக்கவில்லை. மாத்திரை எழுதிவிட்டோம் என்ற தெம்பில் மறுபரிசோதனையை மறந்துவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். கீழாநெல்லி அரைத்துக் குடிப்பவர்களோடும் எனக்கு இதே வழக்குதான். காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள் என்று வந்தால் அது வைரஸ் காமாலையாக இருக்கலாம். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது அரைப்பதற்கு அம்மியைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடியுங்கள்.

பிள்ளையின் இதயம் ஏன் சட்டென்று நிற்கிறது? எலிக்குஞ்சின் இதய அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால் அவை தாமாகவே, ஒன்றாகத் துடிக்கும். அந்தத் தட்டில் பித்த அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தார் வில்லியம்சன். துடிப்பு மெலிந்தது, தாளம் கெட்டது, ஒன்றாகத் துடித்தவை தனித்தனியே துடித்தன. 2001-இல் வந்த ஆய்வு இது. அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1991-இல், நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாயைப் பித்த அமிலம் சுருக்குவதாக ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. இரண்டில் எது, அல்லது இரண்டுமேவா? முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் முந்தின நாள் துடிப்பு சரியாக இருந்தும் மறுநாள் இல்லாமல் போவது ஏன் என்பதற்கு ஒரு வழி தெரிகிறது. பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வாடுவதில்லை. தாளம் ஒரு கணத்தில் அறுகிறது. நேற்றைய சோதனை இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

அரிப்பைப் பற்றியும் ஒரு வியப்பு. பித்த அமிலம்தான் அரிக்கிறது என்று நெடுநாள் நினைத்தோம். அப்படியானால் அளவு ஏற ஏற அரிப்பும் ஏற வேண்டுமே? ஏறுவதில்லை. 20 இருப்பவள் தூங்காமல் தவிக்கிறாள். 120 இருப்பவள் 'லேசா இருக்குதுங்க' என்கிறாள். புரோஜெஸ்டிரோன் சிதைந்து உண்டாகும் சில பொருள்களையும், ஆட்டோடாக்சின் என்ற நொதியையும் இப்போது சந்தேகிக்கிறார்கள். நமக்கு வேண்டிய செய்தி எளிது: அரிப்பின் கடுமையை வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

மருந்து ஆராய்ச்சி இப்போது இரண்டு பக்கம் போகிறது. ஒன்று பழைய மருந்து, ரிஃபாம்பிசின். ஆமாம், காசநோய்க்குக் கொடுக்கும் அதே செம்மருந்துதான். உர்சோவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையைத் தொடங்கினார்கள். இன்னொன்று புதியது. குடலுக்கு வந்த பித்த அமிலம் திரும்பவும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே போகிறது. அந்த உறிஞ்சலைத் தடுத்துவிட்டால் மலத்தோடு வெளியேறிவிடுமே என்ற யோசனை. குழந்தைகளின் பரம்பரைப் பித்தத்தேக்க நோய்களுக்கு இவ்வகை மருந்துகளை அமெரிக்கா 2021-இல் அனுமதித்தது. கர்ப்பிணிகளிடம் சோதிக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது; மருந்துச் சீட்டில் எழுதும் நிலை இன்னும் வரவில்லை.

மரபணுப் பக்கம் 2022-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நோயுள்ள 1,138 பெண்கள், ஒப்பிட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். மரபணுத் தொகுதியில் பதினோரு இடங்கள் இந்த நோயோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. நான் சொன்ன மதகுகளைக் கட்டும் மரபணுக்கள் அதில் முக்கியமானவை. சரி, யார் அந்தப் பெண்கள்? பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தவர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பிரிட்டனிலேயே எண்ணிப் பார்த்துவிட்டார்கள்: பொதுவாக 100 கர்ப்பிணிகளில் 0.7 பேருக்கு வரும் இந்த நோய், இந்திய, பாகிஸ்தானிய வழிவந்த பெண்களுக்கு 1.2 முதல் 1.5 வரை வருகிறது. ஏறத்தாழ இரட்டிப்பு! நோய் நம் பெண்களிடம் அதிகம். ஆய்வு பிறரிடம் அதிகம். நம் மாவட்டங்களில் பித்த அமிலச் சோதனைக்குக் குழாயில் ரத்தத்தை எடுத்து வேறு ஊருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டிய இடங்கள் எத்தனை! கல்லீரல் சோதனையில் எஸ்ஜிபிடி பார்ப்பார்கள், அது ஏறியிருந்தால் நோய் என்பார்கள். நல்லதுதான். ஆனால் 40-ஆ, 100-ஆ என்று அது சொல்லுமா? சொல்லாது. உலக ஆராய்ச்சி முழுவதும் ஓர் எண்ணின் மேல் வந்து நிற்கிறது. அந்த எண் நம் பெண்ணின் கைக்கு இரண்டு நாளில் வரவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வகங்களிலாவது இந்தச் சோதனை அன்றாடம் நடக்க வேண்டும். நடந்தால் சிகிச்சையும் சரியாகும். நம் பெண்களைப் பற்றிய கணக்கும் நம்மிடமே சேரும்.

கடைசியாகப் பிரசவத்துக்குப் பிறகு. அரிப்பு போய்விட்டது, கதை முடிந்தது என்று யாரும் மறுபடி வருவதில்லை. சுவீடனில் இந்த நோய் வந்த 11,388 பெண்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்தார்கள். பித்தப்பைக் கல்லும் மற்றக் கல்லீரல் நோய்களும் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வந்தன. சிலருக்கு உள்ளே ஹெபடைடிஸ் சி ஒளிந்திருந்தது. ஆகவே பிள்ளைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட வரும் அன்றே தாய்க்கும் ஒரு கல்லீரல் சோதனை எடுத்துவிடுங்கள். சரியாகவில்லை என்றால் அது வேறு நோய், தேட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சிலருக்கு அதிலேயே அரிப்பு திரும்பும். அடுத்த கர்ப்பத்தில் இந்த நோய் திரும்ப வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயரும், எத்தனையாவது வாரம் தொடங்கியது என்பதும், பித்த அமிலம் அதிகபட்சம் எவ்வளவு போனது என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.